பட்டனை எண்ணிச் சிரித்தவர்கள்

2009 நவம்பர் முதல் வாரத்தில் இத்தாலியின் ஓர்வியேத்தோ நகரில் ஓப்பன் ஆபிஸ் என்ற அலுவலக மென்பொருளுக்கான ஆண்டு மாநாடு நடந்தது. அந்த நாட்களில் அந்த மென்பொருளின் பெயரைத் தாங்கி ஒரு புது மவுஸ் அறிவிக்கப்பட்டது. அதற்கு 18 பட்டன்கள். கட்டைவிரல் படும் பக்கத்தில் வீடியோ கேம் கருவியில் இருப்பது போன்ற ஒரு ஜாய்ஸ்டிக். 63 மென்பொருள்களுக்குத் தனித்தனியே பட்டன்களின் வேலையை மாற்றி மவுஸுக்குள்ளேயே பதிந்துவைக்கும் நினைவகம். விலை 75 டாலருக்கு ஒரு சென்ட் குறைவு. வடிவமைப்பில் முன்னின்றவர் ஒரு வீடியோ கேம் வடிவமைப்பாளர். படம் வெளியான சில மணி நேரத்திலேயே உலகம் சிரிக்கத் தொடங்கிவிட்டது. முதலில் பலர் இது ஏதோ கிண்டலுக்குச் செய்த படம் என்றே நினைத்தார்கள். உண்மைதான் என்று தெரிந்ததும் சிரிப்பு இன்னும் கூடியது. இரண்டு வாரம் முன்பு, அக்டோபர் 20 அன்று, ஆப்பிள் நிறுவனம் தன் மேஜிக் மவுஸை வெளியிட்டிருந்தது. கண்ணுக்கு ஒரு பட்டன்கூடத் தெரியாத, வழுவழுப்பான வெள்ளைச் சில்லு அது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்கு வேறு வாதமே தேவைப்படவில்லை: ஒன்று அழகு, மற்றொன்று அசிங்கம். அதோடு வழக்கு முடிந்தது. அந்தத் தீர்ப்பு தவறான கேள்விக்குச் சொல்லப்பட்ட பதில் என்பது என் கருத்து. அந்த மவுஸ் நல்ல மவுஸ் என்று சொல்ல வரவில்லை, அதன் குறைகளை நானும் பிறகு சொல்வேன். ஆனால் ஒரு கருவியில் எத்தனை பட்டன் இருக்கிறது என்று எண்ணி அதன் தரத்தை முடிவுசெய்யும் பழக்கம், நாள் முழுக்க அந்தக் கருவியைப் பிடித்து வேலை செய்பவரின் கையை மறந்துவிடுகிறது. அந்தக் கைக்காகத்தான் இந்தக் கட்டுரை.

பட்டன் குறைவாக இருப்பதே இயல்பு, கூடுவது வக்கிரம் என்ற எண்ணம் மவுஸோடு கூடப் பிறந்ததல்ல. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் டக்ளஸ் எங்கல்பார்ட்டின் யோசனைக்கு பில் இங்கிலிஷ் 1964-இல் மரப்பெட்டியில் உருவம் கொடுத்தபோது அதில் ஒரு பட்டன்தான் இருந்தது. பின்னர் மூன்றானது. பெட்டியில் அதற்குமேல் இடம் இல்லாததால்தான் மூன்றோடு நின்றோம் என்பதே அவர்கள் தரப்பில் சொல்லப்பட்ட காரணம். 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் எங்கல்பார்ட் உலகுக்குச் செய்துகாட்டிய செயல்விளக்கத்தில் வலக்கையில் மவுஸ் இருந்தது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. இடக்கையின் கீழே ஐந்து கட்டைகள் கொண்ட இன்னொரு கருவி இருந்ததைப் பலர் மறந்துவிட்டார்கள். ஐந்து விரல், ஐந்து கட்டை. பியானோவில் பல கட்டைகளை ஒருசேர அழுத்துவது போல ஒன்றையோ பலவற்றையோ சேர்த்து அழுத்தினால் 31 விதமான குறிகள் கிடைக்கும். நம் உயிர் பன்னிரண்டும் மெய் பதினெட்டும் ஆய்தமும் சேர்ந்தால் அதே 31 வருவது தற்செயல்தான், ஆனாலும் தமிழில் தட்டச்சு செய்பவருக்கு அந்த எண் சட்டென்று கண்ணில் படும். மவுஸின் மூன்று பட்டன்களையும் இந்த ஐந்தோடு கூட்டி அழுத்தும் முறையும் அவர்களிடம் இருந்தது. அதாவது மவுஸைக் கண்டுபிடித்தவர்களே கைகள் இரண்டும் கற்றுக்கொள்ளும், விரல்கள் நாளுக்கு நாள் தேறும் என்று நம்பித்தான் அதைச் செய்தார்கள்.

அதே ஆண்டு ஜெர்மனியிலும் ஒரு மவுஸ் பிறந்தது. எங்கல்பார்ட்டின் செயல்விளக்கத்துக்கு இரண்டு மாதம் முன்பு, 1968 அக்டோபரில், கான்ஸ்டன்ஸ் நகரில் இயங்கிய டெலிஃபுன்கன் நிறுவனத்தின் விற்பனைக் கையேட்டில் ‘ரோல்கூகல்’ என்ற பெயரில் அது வந்தது. விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மேசையில் பதித்திருந்த உருளும் பந்தை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்தால் என்ன என்று ரைனர் மல்லெப்ரைன் என்ற பொறியாளரின் குழு யோசித்ததன் விளைவு அது. கவிழ்த்த கிண்ணம் போன்ற உருவம், உள்ளே பந்து, மேலே ஒரே ஒரு பட்டன். ஒரு வேலைக்கு ஒரு பட்டன் போதுமென்றால் ஒன்று வைத்தார்கள். அமெரிக்காவில் செய்ய வேண்டிய வேலை வேறாக இருந்தது, மூன்றும் ஐந்தும் வைத்தார்கள். அந்தக் காலத்தில் யாரும் எண்ணிக்கையை ஒரு கொள்கையாகப் பேசவில்லை.

கொள்கையாக்கியது 1980-களின் தனிமனிதக் கணினிச் சந்தை. ஜெராக்ஸ் நிறுவனம் தன் ஆல்டோ கணினிக்கு மூன்று பட்டன் வைத்திருந்தது. 1981-இல் வந்த ஸ்டார் கணினிக்கு அதை இரண்டாகக் குறைத்தது. குறைப்பதற்கு முன் பல முறைகளையும் புதியவர்களிடம் கொடுத்துச் சோதித்தார்கள், 1983-இல் அந்தச் சோதனைகளை வெளியிடவும் செய்தார்கள். ஆப்பிளில் லாரி டெஸ்லர் ஒரு பட்டனே போதும் என்று வாதாடி வென்றார். 1983-இல் லிசாவும் 1984-இல் மெக்கின்டாஷும் ஒற்றைப் பட்டனோடு வந்தன. வாழ்க்கையில் மவுஸையே பார்த்திராத ஒருவர் கடையில் வந்து நிற்கிறார், எந்தப் பட்டனை அழுத்துவது என்று அவர் தயங்கக்கூடாது. அந்த நோக்கத்துக்கு அது சரியான முடிவு, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பட்டனைக் குறைத்ததால் வேலை குறையவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டாவது பட்டன் செய்திருக்க வேண்டியதை ‘டபுள் கிளிக்’ செய்தது. சோதனைக்கூடத்தில் தயங்காத புதியவர்கள் வீட்டில் டபுள் கிளிக் வேகத்தோடு மல்லுக்கட்டினார்கள். 1997-இல் மேக் இயங்குதளத்தில் இடம்சார்ந்த மெனு வந்தபோது, அதைத் திறக்க ஒரு கை விசைப்பலகைக்குப் போய் கன்ட்ரோல் விசையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. 2005-இல் ஆப்பிளே பல பட்டன் வேலைகளைச் செய்யும் மைட்டி மவுஸை வெளியிட்டது. மேலே பார்த்தால் ஒரே ஓடு, உள்ளே இடம் வலம் அறியும் உணரி. ஒளித்துவைத்தார்களே தவிர, பட்டன்களை அவர்களாலும் ஒழிக்க முடியவில்லை. கட்டளை எங்கேயோ ஓரிடத்தில் இருந்தாக வேண்டும். பட்டனில் இல்லையென்றால் மெனுவில் இருக்கும், மெனுவில் இல்லையென்றால் விசைக் கூட்டில் இருக்கும், அதுவும் இல்லையென்றால் அதைச் செய்பவரின் பொறுமையில் இருக்கும்.

இந்தப் பொறுமையை யார் கொடுக்கிறார்கள் என்று பார்க்க ஜெர்மனியின் எர்லாங்கன் மிகப் பொருத்தமான ஊர். வடக்கு பவேரியாவின் இந்தச் சிறு நகரத்தில் 1877-இல் எர்வின் மோரிட்ஸ் ரைனிகர் ஒரு சிறு கருவிப் பட்டறையைத் தொடங்கினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் ரைனிகர், கெப்பர்ட் அண்ட் ஷால் நிறுவனம். நூறு கிலோமீட்டருக்குள் இருக்கும் வூர்ட்ஸ்பர்கில் 1895 நவம்பரில் ரான்ட்கன் எக்ஸ்-கதிரைக் கண்டுபிடித்தார், மறு ஆண்டே எர்லாங்கனில் எக்ஸ்-கதிர்க் குழாய்கள் செய்யப்பட்டன. அந்த நிறுவனம் பின்னர் சீமன்ஸுடன் சேர்ந்தது. கெப்பர்ட்டின் பெயர் தாங்கிய தெருவில், பழைய ஆலைக் கட்டடத்தில் இன்று மருத்துவக் கருவி அருங்காட்சியகம் இருக்கிறது. உலகெங்கும் மருத்துவமனைகளில் ஓடும் சி.டி., எம்.ஆர்.ஐ. கருவிகளில் கணிசமான பங்கு இந்த வட்டாரத்தின் உழைப்பு. பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பொறியியல் படிக்க வரும் மாணவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் உண்டு. கருவி படம் எடுத்துத் தந்துவிடும். அந்தப் படத்தைப் பார்த்து நோயைச் சொல்ல வேண்டிய மருத்துவரின் கையில் இருப்பது என்ன? ஒரு மவுஸ்.

ரேடியாலஜி வாசிப்பு அறையை ஒரு நிமிடம் நெருங்கிப் பார்ப்போம். விளக்கு மங்கலாக இருக்கும், சாம்பல் நிறத்தின் மெல்லிய வேறுபாடுகள் கண்ணுக்குத் தெரிய வேண்டுமே. எதிரே இரண்டோ மூன்றோ திரைகள். ஒரு கையில் அறிக்கையைச் சொல்லிப் பதிவதற்கான டிக்டேஷன் மைக், அதிலும் கட்டைவிரலுக்கு எட்டும்படி வரிசையாகப் பட்டன்கள். மறு கையில் மவுஸ். நெஞ்சை ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் வெட்டியெடுத்தால் முந்நூறுக்கு மேல் படங்கள் வரும். போன வருடப் பரிசோதனையோடு ஒப்பிட வேண்டுமென்றால் அதுவும் இன்னொரு முந்நூறு. சி.டி. படத்தின் ஒவ்வொரு புள்ளியும் ஹவுன்ஸ்ஃபீல்டு அளவில் ஓர் எண்: காற்று கழித்தல் 1000, தண்ணீர் 0, எலும்பு பல நூறுக்கு மேலே. இத்தனை விரிந்த அளவைக் கண்ணால் ஒரே பார்வையில் பிரித்தறிய முடியாது. அதனால் நுரையீரலைப் பார்க்க ஒரு ‘விண்டோ’ (திரையில் பிரித்துக் காட்டும் எண் எல்லை), இதயத்தைச் சுற்றிய மென்திசுவுக்கு ஒன்று, எலும்புக்கு ஒன்று என்று மாற்றி மாற்றி வைக்க வேண்டும். நுரையீரலுக்கு வழக்கமாக 1500 அகலம், கழித்தல் 600 மையம். அதே படத்தை மென்திசுவுக்கு மாற்றினால் 400 அகலம், 40 மையம். ஒன்றில் தெரிவது மற்றதில் தெரியாது. நுரையீரலின் ஓரத்தில் நான்கு மில்லிமீட்டர் அளவில் ஒரு சிறு முடிச்சு தென்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது ரத்தக்குழாயின் வெட்டுமுகமா, தனி முடிச்சா என்று அறிய மேலும் கீழும் சில படங்கள் உருட்டிப் பார்க்க வேண்டும், விண்டோ மாற்ற வேண்டும், பெரிதாக்க வேண்டும், அளக்க வேண்டும், பழைய படத்தில் அதே இடத்துக்குப் போக வேண்டும். இரண்டு பட்டனும் ஒரு சக்கரமும் மட்டும் இருந்தால், ஒவ்வொன்றுக்கும் சுட்டியைத் திரையின் ஓரத்தில் இருக்கும் கருவிப்பட்டைக்குக் கொண்டுபோய், மெனுவைத் திறந்து, தேர்ந்து, திரும்ப வர வேண்டும். திரும்பி வரும்போது கண் அந்த நான்கு மில்லிமீட்டரை மறுபடி தேட வேண்டும். கட்டைவிரலுக்குக் கீழே ஒரு பட்டனில் நுரையீரல் விண்டோ, அடுத்ததில் மென்திசு, அதற்கடுத்ததில் அளவுகோல் என்று இருந்தால் கண் முடிச்சை விட்டு அசைய வேண்டியதே இல்லை.

இதனால்தான் பல நாடுகளில் ரேடியாலஜிஸ்டுகள் விளையாட்டுக்காக விற்கப்படும் பல பட்டன் மவுஸை வாங்கி, மருத்துவமனைக் கணினியில் பொருத்திக்கொள்கிறார்கள். இது யாரும் விளம்பரம் செய்து வந்த பழக்கமில்லை, தேவை தானாகக் கண்டுபிடித்த வழி. ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு பரிசோதனையில் இருபது தடவை கருவிப்பட்டைக்குப் போய்வருவதாகவும், தடவைக்கு இரண்டே விநாடி மிச்சமாவதாகவும் வைத்துக்கொண்டால், நாளுக்கு ஐம்பது பரிசோதனை பார்ப்பவருக்கு இரண்டாயிரம் விநாடி, அதாவது அரைமணி நேரத்துக்கு மேல். அந்த அரைமணியைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அந்த ஆயிரம் தடவை கண் இடம்பெயராமல் இருப்பது. கவனம் கலைந்து திரும்பும் ஒவ்வொரு முறையும் தவறு நுழைய ஒரு கதவு திறக்கிறது. நோயாளிக்கு அதுதான் விஷயம்.

அழுத்தமான மறுப்பு ஒன்று உண்டு, அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பட்டன் கூடினால் எதை அழுத்துவது என்று யோசிக்கும் நேரமும் கூடும், மனித மூளையின் வரம்பு அது என்பார்கள். 1952-இல் வில்லியம் ஹிக் இதை அளந்து காட்டினார், அவர் பெயரிலேயே அந்த விதி வழங்குகிறது. ஆனால் அந்த விதி சொல்வதை முழுதாகக் கேட்க வேண்டும். தேர்வுகள் கூடும் அளவுக்கு நேரமும் கூடுவதில்லை. மடக்கை அளவில்தான், மெதுவாகத்தான் கூடுகிறது. மூன்று பட்டனிலிருந்து பதினெட்டுக்குப் போனால் எண்ணிக்கை ஆறு மடங்கு. விதிப்படி முடிவெடுக்கும் நேரம் இரண்டு மடங்குக்குச் சற்று மேலே மட்டுமே. அதுவும் பழகாத கைக்கு. பின்னர் வந்த சோதனைகள், நெடுநாள் பழகியவரிடம் இந்த வித்தியாசமும் தேய்ந்துபோவதைக் காட்டின. வீணையில் 24 மெட்டுகள் இருக்கின்றன, வாசிப்பவர் ஒவ்வொரு சுரத்துக்கும் நின்று யோசிப்பதில்லை. ஹிக் விதியைச் சொல்லிப் பட்டனைக் குறைக்கச் சொல்பவர்கள், குறைத்த கட்டளைகள் மெனுவில் போய் உட்காரும்போது அங்கே வரிசையாக நிற்கும் இருபது பெயர்களுக்கும் அதே விதி பொருந்தும் என்பதைச் சொல்வதில்லை. அங்கே தேர்ந்தெடுப்பதோடு சுட்டியை நகர்த்தும் நேரமும் சேர்கிறது. இலக்கு சிறிதாகவும் தொலைவாகவும் ஆக நேரம் கூடும் என்று பால் ஃபிட்ஸ் 1954-லேயே அளந்துவிட்டார். விரலடியில் இருக்கும் பட்டனுக்குத் தொலைவு என்ற ஒன்றே கிடையாது.

கற்றுக்கொள்ள நேரமாகும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் கற்க வேண்டிய கருவி என்றாலே கெட்ட கருவி என்று தமிழர்கள் சொல்ல முடியாது, நம் எழுத்து இயந்திரத்துக்கு வந்த கதையே அதற்குச் சாட்சி. 247 எழுத்து இருக்கும் மொழியை ஆங்கிலத்துக்காகச் செய்த நாற்பத்துச் சொச்சம் விசைகளில் அடக்கியவர் யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்த ஆர். முத்தையா. அவருடைய வடிவமைப்பை இயந்திரமாக வார்த்துத் தந்தது ஜெர்மனியின் சைடல் நௌமான் நிறுவனம். எழுத்துகளைக் கூறுகளாகப் பிரித்தார். கொக்கியும் புள்ளியும் தட்டும்போது தாள் நகராமல் நிற்கும் நகரா விசைகளை வைத்தார். ஒரு விசையை அடித்து அதன்மேல் இன்னொன்றை அடித்தால் எழுத்து பிறக்கும். முதல்முறை பார்ப்பவருக்கு அது புதிர். ஊருக்கு ஊர் தட்டச்சுப் பயிலகங்கள் வந்தன. காலையில் பள்ளிக்கு முன்பும் மாலையில் கல்லூரி விட்டும் பிள்ளைகள் வரிசையில் உட்கார்ந்து மாதக்கணக்கில் விரல் பழக்கினார்கள். அரசின் இளநிலை, முதுநிலைத் தேர்வுகளை எழுதினார்கள், இன்றும் எழுதுகிறார்கள். அந்தச் சான்றிதழ் எத்தனையோ குடும்பங்களில் முதல் அரசு வேலையைத் தந்தது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி வந்த தமிழ்99 விசைப்பலகையும் அதே பாடத்தைச் சொல்கிறது. உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று ஆகிய 31-ஐக் கற்றால் 247-உம் கைவசம். சிறிய எண்ணிக்கையும் பெரிய எண்ணிக்கையும் இங்கே எதிரிகளாக இல்லை. எத்தனை நாள் கற்றால் எத்தனை வருடம் பயன் என்ற விகிதத்தைத்தான் நாம் பார்த்தோம்.

அப்படியானால் அந்த 18 பட்டன் மவுஸ் ஏன் பரவவில்லை? சிரித்தவர்கள் சொன்ன காரணம் தவறு என்றேன், உண்மைக் காரணத்தையும் சொல்ல வேண்டும். அந்தப் பட்டன்களில் பெரும்பாலானவை மவுஸின் மேற்பரப்பில் நெருக்கி அடுக்கப்பட்டிருந்தன. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் ஏற்கெனவே கிளிக் செய்யவும் சக்கரம் உருட்டவும் வேலை பார்க்கும் விரல்கள். அவற்றையே தூக்கி வேறிடம் வைக்கச் சொன்னால் மவுஸ் ஆடும், சுட்டி நகரும், தவறான இடத்தில் கிளிக் விழும். அதே 2009-இல் ரேசர் நிறுவனம் நாகா என்ற மவுஸை வெளியிட்டது. அதில் 17 பட்டன்கள், ஏறக்குறைய அதே எண்ணிக்கை. ஆனால் பன்னிரண்டு பட்டன்கள், பழைய டெலிபோனின் எண்பலகை போல, பக்கவாட்டில் கட்டைவிரலின் கீழே இருந்தன. கட்டைவிரல் சாதாரண மவுஸில் சும்மா சாய்ந்து கிடக்கும் விரல். அந்த மவுஸ் விற்றது, அதன் வாரிசுகள் இன்றும் விற்பனையில் இருக்கின்றன, ரேடியாலஜி அறைக்குள்ளும் நுழைந்தன. ஒரே ஆண்டு, கிட்டத்தட்ட ஒரே எண்ணிக்கை, இரண்டு வேறு முடிவுகள். வித்தியாசம் எந்த விரலுக்கு வேலை கொடுத்தார்கள் என்பதில் இருந்தது. எந்த வேலைக்கு என்பதிலும் இருந்தது. கடிதமும் கணக்குத்தாளும் எழுதும் அலுவலக மென்பொருளில் கை பெரும்பாலும் விசைப்பலகையில்தான் இருக்கும். அங்கே மவுஸில் குவித்த கட்டளைகளுக்கு ஆள் குறைவு. ஓப்பன் ஆபிஸ் பெயர் தாங்கி வந்த அந்த மவுஸ் பின்னர் வார்மவுஸ் மெட்டா என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. பெயர் மாறியதால் பட்டன்கள் இருந்த இடம் மாறிவிடவில்லை.

இடம் பற்றிப் பேசும்போது இன்னோர் ஜெர்மன் உதாரணத்தை விட்டுவிட முடியாது. மியூனிக் அருகே ஓபர்ஃபாஃபன்ஹோஃபனில் இருக்கும் ஜெர்மன் விண்வெளி ஆய்வு மையத்தில் கெர்ட் ஹிர்ட்சிங்கரின் குழு, ரோபோக் கையை ஆறு வகை அசைவுகளில் இயக்க ஒரு பந்துக் கருவியைச் செய்தது. 1993-இல் கொலம்பியா விண்ணோடத்தில் ஜெர்மனி நடத்திய ஆய்வுப் பயணத்தில் அந்த வகைக் கருவியால் ரோபோவை இயக்கிக் காட்டினார்கள். அதன் வழிவந்ததே இன்று பொறியியல் வரைபடக்காரர்கள் இடக்கையில் பிடிக்கும் ஸ்பேஸ்மவுஸ். வலக்கைக்கு அதே மரபின் நிறுவனம் 2015-இல் கேட்மவுஸ் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அதன் புதுமை என்ன தெரியுமா? மூன்றாவதாக ஒரு முழுப் பட்டன். சக்கரத்தையே நடுப் பட்டனாக அழுத்திக்கொள்ளலாம் என்று மற்ற எல்லோரும் விட்டுவிட்ட இடத்தில், நாள் முழுக்க உருவத்தைத் திருப்பவும் நகர்த்தவும் நடுப் பட்டனை அழுத்திப் பிடித்திருக்கும், கணினியில் (கேட்) வரையும் வரைபடக்காரரின் விரலுக்கு அவர்கள் நியாயம் செய்தார்கள். சக்கரம் உருளச் செய்யப்பட்டது, அழுத்திப் பிடிக்க அல்ல. 1964-இன் மரப்பெட்டி வளர்ந்து தொட்ட மூன்றுக்கு ஐம்பது வருடம் கழித்து ஒரு தொழில் திரும்பி வந்திருக்கிறது.

விசைப்பலகைக் குறுக்குவழிகள் இருக்கும்போது மவுஸில் ஏன் பட்டன் என்ற கேள்வி நியாயமானது. எழுதுபவருக்கும் கணக்கு போடுபவருக்கும் அதுதான் சரியான வழி, அவர்களுக்கு நானும் அதையே சொல்வேன். ஆனால் ஒரு கையில் மைக் பிடித்த மருத்துவருக்கும், ஒரு கையில் ஸ்பேஸ்மவுஸ் பிடித்த பொறியாளருக்கும் விசைப்பலகைக்குப் போக மூன்றாவது கை இல்லை. விபத்தில் ஒரு கை இழந்தவருக்கும், பக்கவாதத்தில் ஒரு கை செயலிழந்தவருக்கும் இரு கை விசைக் கூட்டு எட்டாத ஒன்று. அவர்களுக்குப் பட்டன் கூடுவது ஆடம்பரமாகாது, வேலைக்குத் திரும்பும் வழியாகும். மறுபக்கம், விரல் நடுக்கம் உள்ளவருக்கு நெருக்கமான பட்டன்கள் தொல்லை, அவருக்குப் பெரிய ஒற்றைப் பட்டனே உதவும். கருவி ஆளுக்கு ஆள் மாற வேண்டும் என்பதற்கு இந்த இரண்டு பேரையும் ஒருசேர நினைத்துப் பார்த்தாலே போதும்.

ஐரோப்பாவில் இந்தச் சிந்தனைக்குச் சட்டத்தின் ஆதரவே உண்டு. கணினித் திரையில் வேலை செய்பவர்களின் பாதுகாப்புக்காக 1990 மே மாதம் ஐரோப்பிய சமூகம் ஓர் ஆணையை வெளியிட்டது. மென்பொருள் வேலைக்குப் பொருந்த வேண்டும், எளிதாக இருக்க வேண்டும், தேவையான இடத்தில் பணியாளரின் அறிவுக்கும் அனுபவத்துக்கும் ஏற்ப மாற்றியமைக்கத் தக்கதாக இருக்க வேண்டும் என்று அதன் பின்னிணைப்பு சொல்கிறது. எளிமையோடு நிறுத்திவிடாமல் அனுபவத்தையும் சேர்த்துச் சொன்னதை நான் பெரிதாக மதிக்கிறேன். முதல் நாள் வந்தவரும் பத்தாம் வருடம் உட்கார்ந்திருப்பவரும் ஒருவரல்லர் என்பதை ஒரு சட்டம் ஒப்புக்கொண்டிருக்கிறது. ஜெர்மனியில் பணியிட ஆரோக்கியம் பற்றிய விதிமுறைகளில் ஊழியர் குழுவுக்கு முடிவெடுக்கும் உரிமையில் பங்கு உண்டு. கையில் எதைப் பிடிப்பது என்று பேசுவதற்கு அங்கே ஒரு மேசை இருக்கிறது.

நம் ஊரில் அந்த மேசை இல்லை. இ-சேவை மையத்தில் சாதிச் சான்றுக்கும் வருமானச் சான்றுக்கும் விண்ணப்பம் ஏற்றும் பெண்ணின் வேலையை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு விண்ணப்பத்திலும் ஸ்கேன் செய், கோப்பைத் தேர்ந்தெடு, ஏற்று, நகலெடு, ஒட்டு, அடுத்த பக்கம், முந்தைய பக்கம் என்று அதே ஏழெட்டுச் செயல்கள். டி.டி.பி. கடையில் அழைப்பிதழ் அமைப்பவருக்கும், கல்லூரி மதிப்பெண் ஏற்றுபவருக்கும், இரவு முழுவதும் அயல்நாட்டு மருத்துவமனைகளின் படங்களை இங்கிருந்து வாசிக்கும் டெலி-ரேடியாலஜி மருத்துவருக்கும் அதே கதைதான். அவர்கள் கையில் இருப்பது கொள்முதல் பட்டியலில் ‘கீபோர்டு மவுஸ் செட்’ என்று ஒரே வரியில் வரும், ஆகக் குறைந்த விலைக்கு எடுத்த பொருள். அதன் சக்கரம் ஆறு மாதத்தில் தடுக்கும், இடது பட்டன் ஒரு கிளிக்குக்கு இரண்டாக விழும், அதையே அழுத்தி அழுத்தி வேலை நடக்கும். பல பட்டன் மவுஸ் பணக்கார நாட்டுச் சமாச்சாரம், இங்கே கட்டுப்படியாகாது என்பவர்களுக்கு ஒரு கேள்வி: அந்தக் கணினி, அந்த மேசை, அந்த அறையின் ஏசி இவற்றின் விலையில் மவுஸின் பங்கு எவ்வளவு? இருக்கும் செலவில் மிகச் சிறியதை மேலும் சிறிதாக்கி, மணிக்கட்டு வலிக்கு மருத்துவச் செலவை ஊழியர் தலையில் வைப்பதைச் சிக்கனம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. பதினெட்டு வேண்டாம். பக்கத்தில் இரண்டு பட்டன் கூடுதலாக இருந்தால் நகலும் ஒட்டும் கட்டைவிரலுக்கு வந்துவிடும், அத்தகைய மவுஸ் இன்று சில நூறு ரூபாய் வித்தியாசத்தில் கடையில் கிடைக்கிறது. எது வேண்டும் என்று அந்தப் பெண்ணிடம் யாராவது கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

எனக்கு முழுப் பதில் இல்லாத மறுப்புகள் இரண்டு உண்டு. ஒன்று, ஒரே கணினியில் மூன்று ஷிப்ட்டில் மூன்று பேர் உட்காரும் இடம். எனக்குப் பழகிய அமைப்பு அடுத்தவருக்குக் குழப்பம், அவர் விண்டோ மாற்ற அழுத்தினால் படம் அழிந்தால் என்ன செய்வது? மவுஸுக்குள்ளேயே அமைப்பைச் சேமிக்கும் வசதி, 2009-இல் எல்லோரும் சிரித்த அந்த மவுஸில் இருந்ததே, இதற்கு ஒரு பாதி விடை. ஆளுக்கொரு மவுஸைக் கொடுத்துவிட்டால் அவரவர் அமைப்பு அவரவரோடு போகும். ஆனால் மருத்துவமனையில் எந்தக் கருவியை வேண்டுமானாலும் யூ.எஸ்.பி.யில் செருக விடமாட்டார்கள், அந்தத் தடைக்கும் காரணம் உண்டு. இன்னொன்று இடக்கைக்காரர்கள். சாதாரண மவுஸ் இரு கைக்கும் பொதுவாகச் சமச்சீராக இருக்கும். பக்கவாட்டில் பட்டன் வைத்த மறுகணமே அது வலக்கைக்காரரின் சொத்தாகிவிடுகிறது. ரேசர் நாகாவுக்கு இடக்கை வடிவம் ஒன்று வந்தது, இடையில் நின்றது, 2020-இல் திரும்ப வந்தது. நின்ற இடைக்காலத்தில் பழையதை வைத்திருந்தவர்கள் அது பழுதாகிவிடக் கூடாதே என்று பொத்திப் பொத்தி வைத்துக்கொண்டார்கள். பட்டன்கள் கூடக் கூட, யார் கைக்கு என்ற கேள்வியும் கூர்மையாகிறது. வலக்கைக்கு ஒன்று செய்யும் நிறுவனம் இடக்கைக்கும் அதே நாளில், அதே விலையில் செய்யட்டும் என்று கேட்கும் உரிமை வாங்குபவருக்கு உண்டு. ஆயிரக்கணக்கில் வாங்கும் மருத்துவமனையும் அரசும் அதை டெண்டர் நிபந்தனையிலேயே எழுதிவிடலாம்.